ஒரே தேதி, வேறு ஆண்டு: தற்செயலா, திட்டமா?

நாள்காட்டிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே.

"வரலாற்றில் இன்று" வகைப் பட்டியல்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஒரு தேதிக்குக் கீழே ஒரு போர், ஒரு பிறப்பு, ஒரு கப்பல் மூழ்கியது, ஒரு கண்டுபிடிப்பு என்று வரிசையாக வரும். பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. ஆனால் சில தேதிகளில் யாரோ ஒருவர் நாள்காட்டியைப் புரட்டி, "இந்த நாளில்தான் செய்வேன்" என்று முடிவெடுத்திருக்கிறார். அவைதான் பேசத் தகுந்தவை என்பது என் கட்சி. சம்பவத்தில் இருந்தவர்களுக்கே அந்தத் தேதி மனதில் இருந்ததா? இருந்தால் வரலாறு. இல்லாவிட்டால் பட்டியல் போட்டவரின் வசதி, அவ்வளவுதான்.

முதலில் டிசம்பர் 2. 1804இல் அன்றுதான் நெப்போலியன் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தில் பேரரசராக முடிசூடிக்கொண்டார். சரியாக ஓராண்டு கழித்து, 1805 டிசம்பர் 2, ஆஸ்டர்லிட்ஸ் போர். ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளை ஒரே நாளில் நொறுக்கினார். அடுத்தது 1851. அவருடைய தம்பி மகன் லூயி நெப்போலியன் குடியரசுத் தலைவராக இருந்தவர், பதவிக்காலம் முடியப் போகிறது. பெரியப்பா முடிசூடிய, பெரியப்பா வென்ற அதே டிசம்பர் 2 அதிகாலையில் நாடாளுமன்றத்தைக் கலைத்து ஆட்சியைப் பிடித்தார். அடுத்த வருடம் அதே தேதியில் மூன்றாம் நெப்போலியன் என்று பேரரசரும் ஆனார். தேதியே பாதி வேலையைச் செய்துவிட்டது.

இன்னொன்று ஜனவரி 18. 1701இல் பிரஷ்யாவின் முதல் மன்னர் கோனிக்ஸ்பெர்க்கில் முடிசூடிய நாள். 1871இல் ஜெர்மன் பேரரசை அறிவிக்க அதே நாளை எடுத்துக்கொண்டார்கள்; இடம் தோற்றுப்போன பிரான்ஸின் வெர்சாய் அரண்மனை. 1919இல் பிரான்ஸ் முறை. ஜெர்மனியின் தலையெழுத்தை எழுதப்போகும் பாரிஸ் அமைதி மாநாட்டை ஜனவரி 18ஆம் தேதியே தொடங்கிவைத்தார்கள்.

இப்படித் தெரிந்தே எடுத்த தேதிகள் உங்களிடம் இருந்தால் போடுங்கள். வெறும் ஒற்றுமைப் பட்டியல் வேண்டாம்.

பாலைவன ஒட்டகம்

வெறும் ஒற்றுமைப் பட்டியல் வேண்டாம் என்றால் இந்த இழையில் எனக்கு என்ன வேலை அண்ணே?

1809 பிப்ரவரி 12: சார்லஸ் டார்வின், ஆபிரகாம் லிங்கன், இருவரும் பிறந்தது ஒரே நாள், ஒரே ஆண்டு. 1963 நவம்பர் 22: கென்னடி சுடப்பட்ட அன்றே ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி. எஸ். லூயிஸும் காலமானார்கள், மறுநாள் பத்திரிகையில் அந்த இருவருக்கும் இடம் கிடைப்பதே பெரும்பாடாகியிருக்கும். போட்டாச்சு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வரலாற்றுப்பித்தன்

தெரிந்தே எடுத்த தேதி என்றால் ஜனவரி 30ஐ விட்டுவிட்டு எப்படிப் பேசுவது? 1649 ஜனவரி 30 இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள். பிறகு மன்னரை வீழ்த்திய குரோம்வெல்லின் ஆட்சி, அவர் மறைவு, மன்னராட்சி திரும்பியது. 1661இல் பழிவாங்க நாள் பார்த்தார்கள். அதே ஜனவரி 30. குரோம்வெல் செத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் என்ன? வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்திலிருந்து பிணத்தைத் தோண்டி எடுத்து, டைபர்னில் தூக்கில் தொங்கவிட்டு, தலையையும் வெட்டினார்கள். தண்டனையை உணரக் குற்றவாளி உயிரோடு இல்லை. ஆக, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காகத்தான் அந்தத் தேதி.

குரோம்வெல்லுக்கே ஒரு தேதிப் பித்து உண்டு: செப்டம்பர் 3. 1650இல் அன்று டன்பாரில் ஸ்காட்லாந்துப் படையை வென்றார். 1651இல் அன்றே வூஸ்டரில் வென்றார். 1654இல் தன் முதல் நாடாளுமன்றத்தைக் கூட்டவும் அதே நாளையே வைத்துக்கொண்டார். 1658 செப்டம்பர் 3 அன்று செத்தும் போனார். கடைசியை அவர் திட்டமிட்டிருக்க முடியாது. நாள்காட்டிக்காரன் விதிப்படி முதல் மூன்றும் வரலாறு, நான்காவது தற்செயல் என்று பிரித்துவிடலாமா? எனக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. அந்த நாளை அவருடைய நாளாக ஏற்கெனவே அறிந்திருந்த ஒரு நாடு அந்தச் சாவைக் கேட்ட விதமே வேறாக இருந்திருக்கும்.

பிரிட்டன் ஹிட்லருக்கு எதிராகப் போர் அறிவித்ததும் 1939 செப்டம்பர் 3 என்பதை ஒட்டகத்துக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

நிகழ்தகவு

கொஞ்சம் கணக்கும் பேசுவோம்.

23 பேர் இருக்கும் அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு 50 சதவீதத்துக்குச் சற்று மேல். இது பலருக்கும் தெரிந்த கணக்கு. வரலாற்றுக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். "முக்கியமானவை" என்று நீங்கள் 1,000 சம்பவங்களை எடுத்தால் தேதிக்குச் சராசரி 2.7. ஒரே தேதியில் விழும் ஜோடிகள் சுமார் 1,368 கிடைக்கும். யாரும் எதையும் திட்டமிட வேண்டியதில்லை. 100 சம்பவங்களை மட்டும் எடுத்தாலும், ஒரே தேதியில் மூன்று விழுவது ஒரு முறையாவது எதிர்பார்க்க வேண்டிய விஷயம்தான்.

ஒற்றுமை கிடைத்தது ஆச்சரியமில்லை. கிடைக்காமல் போயிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தது 1942 ஜனவரி 8. கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு. அதைச் சொல்லும்போது அவரே ஒன்றையும் கூடச் சேர்த்துச் சொல்வார்: அன்று உலகில் சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று. இந்த இழைக்கு அது போதும்.

பழுப்பேடு

போதாது. நவம்பர் 9 என்று ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் அதை "விதியின் நாள்" என்றே அழைக்கிறார்கள். 1,000 சம்பவங்களைத் தூவி எண்ணுகிற கணக்கு அங்கே செல்லாது. அந்தச் சம்பவங்களில் சில ஒன்றையொன்று பெற்றெடுத்தவை.

1918 நவம்பர் 9: போரில் தோல்வி உறுதியாகிவிட்டது. பேரரசர் முடி துறந்தார் என்று பிரதமர் அறிவிக்கிறார். பெர்லினில் சமூக ஜனநாயகக் கட்சியின் ஷைடமான் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசை அறிவிக்கிறார். சில மணி நேரத்தில் தீவிர இடதுசாரித் தலைவர் லீப்க்னெக்ட் அரண்மனைப் பக்கத்திலிருந்து இன்னொரு குடியரசை, சோஷலிசக் குடியரசை, அறிவிக்கிறார். ஒரே நகரம், ஒரே நாள், இரண்டு குடியரசுகள்.

ஹிட்லர் கூட்டத்துக்கு அந்த நாள் துரோகத்தின் நாள். அதைக் கொண்டுவந்தவர்களை "நவம்பர் குற்றவாளிகள்" என்று திட்டியே கட்சி வளர்த்தார்கள். 1923இல், குடியரசுக்கு ஐந்து வயது ஆகும்போது, மியூனிக்கில் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். நவம்பர் 8 இரவு ஒரு மதுக்கூடத்தில் ஆரம்பித்தது, 9ஆம் தேதி தெருவில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அவர்கள் பக்கம் 16 பேர், காவலர்கள் 4 பேர் செத்தார்கள். 8ஆம் தேதியை எடுத்ததற்கு உடனடிக் காரணம், பவேரிய ஆட்சித் தலைவர்கள் எல்லோரும் அன்று அந்த மதுக்கூடத்தில் கூடுகிறார்கள் என்பது.

பதவிக்கு வந்த பிறகு அந்த 16 பேரை நினைவுகூர்வது கட்சியின் பெரிய சடங்காகிவிட்டது. வருடா வருடம் நவம்பர் 8, 9 தேதிகளில் பழைய ஆட்கள் எல்லோரும் மியூனிக்கில் இருப்பார்கள். 1938இல் இதுதான் நடந்தது. பாரிஸில் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி 9ஆம் தேதி இறந்தார் என்ற செய்தி வரும்போது, கட்சித் தலைவர்கள் அத்தனை பேரும் ஒரே மண்டபத்தில் விருந்தில் இருக்கிறார்கள். கோயபல்ஸ் பேசினார். அங்கிருந்தே தொலைபேசியில் ஊர் ஊராக உத்தரவு போனது. அன்றிரவு யூதர்களின் வழிபாட்டு இடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. சுமார் 30,000 யூத ஆண்களை வதைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். தேதி அவர்களைக் கூட்டி வைத்திருக்காவிட்டால் உத்தரவு அவ்வளவு வேகமாகப் போயிருக்குமா என்பது நியாயமான கேள்வி.

1939இல் கியோர்க் எல்சர் என்ற தச்சர் அந்த மதுக்கூடத்துத் தூணில் குண்டு வைத்ததும் இதை நம்பித்தான். நவம்பர் 8 இரவு ஹிட்லர் அங்கே பேசுவார் என்பது நாட்டுக்கே தெரியும். ஹிட்லர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பியதால் 13 நிமிடத்தில் தப்பினார்.

ஆக 1918, 1923, 1938 மூன்றும் ஒரே சங்கிலி. 1989 நவம்பர் 9 பெர்லின் சுவர் திறந்ததுதான் சங்கிலிக்கு வெளியே. புதிய பயண விதி மறுநாள் நடைமுறைக்கு வர வேண்டியது. கிழக்கு ஜெர்மன் ஆளுங்கட்சியின் ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளர் கூட்டத்தில் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து "எனக்குத் தெரிந்தவரை உடனடியாக" என்று சொல்லிவிட்டார். மக்கள் எல்லைச் சாவடிகளுக்குப் போய் நின்றார்கள். அவர் தாளைச் சரியாகப் படித்திருந்தால் நாம் இன்று நவம்பர் 10 என்றுதான் பேசிக்கொண்டிருப்போம்.

பாலைவன ஒட்டகம்

அக்கா, நிகழ்தகவுக்கு இனி வாயே திறக்காது என்று நினைக்கிறேன் 😀

நிகழ்தகவு

திறக்கும். பழுப்பேடு சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. சடங்கு வழியாகத் தேதி கடத்தப்படும்போது அவை தனித்தனிச் சம்பவங்களே இல்லை, என் கணக்கும் அங்கே பொருந்தாது. 1848 நவம்பர் 9 அன்று வியன்னாவில் ஜெர்மன் ஜனநாயகவாதி ராபர்ட் ப்ளூமைச் சுட்டுக் கொன்றதையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அவரை விட்டுவிட்டதற்கு நன்றி. அது என் பக்கத்துக் கணக்கு.

வரலாற்றுப்பித்தன்

இந்திய உதாரணம் இரண்டையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பதற்கு முன். 1930 ஜனவரி 26ஐ முழு விடுதலை நாளாகக் காங்கிரஸ் கொண்டாடியது. அரசியல் நிர்ணய சபை அரசமைப்பை ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26. முழுமையாக நடைமுறைக்கு வர இரண்டு மாதம் காத்திருந்தது இந்தத் தேதிக்காகத்தான். ஆகஸ்ட் 15 வேறு மாதிரி. அது மவுண்ட்பேட்டனின் தேர்வு. 1945 ஆகஸ்ட் 15 ஜப்பான் சரணடைவை அறிவித்த நாள், தென்கிழக்கு ஆசியாவில் அவர் நேச நாடுகளின் தலைமைத் தளபதி. பின்னாளில் அவரே இந்தக் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். தென்கொரியா 1948இல் தன் அரசை அறிவித்ததும் அதே ஆகஸ்ட் 15, அதே காரணம். இரண்டு நாடுகளின் சுதந்திர நாளும் மூன்றாவது நாட்டின் தோல்வி நாளிலிருந்து கிளைத்தவை.

விண்ணோடி

தற்செயலும் சில நேரம் எவ்வளவு அழகாக அமையும் என்பதற்கு ஏப்ரல் 12. 1961இல் யூரி ககாரின் விண்வெளிக்குப் போன நாள். அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடமான கொலம்பியா கிளம்பியது 1981 ஏப்ரல் 12. சரியாக 20 ஆண்டு. வேண்டுமென்றே செய்ததாகப் பலர் நம்புகிறார்கள். அது ஏப்ரல் 10 அன்று கிளம்ப வேண்டியது. ஓடத்தின் கணினிகளுக்கு இடையே நேர ஒத்திசைவு பிசகியதால் அன்று ரத்து செய்து இரண்டு நாள் தள்ளிப்போட்டார்கள். தாமதமே ஆண்டுவிழாவை உருவாக்கிவிட்டது.

இன்னொரு விஷயம். எல்லோரும் "அதே நாள்" என்கிறோமே, யாருடைய நாள்? ஜப்பானியப் படைகள் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8 என்று பதிவு. பேர்ல் துறைமுகத் தாக்குதல் டிசம்பர் 7. எது முந்தி நடந்தது? கோத்தா பாருதான், ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி. நடுவில் தேதிக்கோடு கிடக்கிறது. ஐரோப்பாவில் போர் முடிந்த நாளை மேற்கில் மே 8 என்றும் ரஷ்யாவில் மே 9 என்றும் கொண்டாடுவதும் இதே கதை. பெர்லினில் இரவு கையெழுத்தானபோது மாஸ்கோவில் நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது அமெரிக்காவில் ஜூலை 20, உலகப் பொது நேரப்படி ஜூலை 21.

பழுப்பேடு

நள்ளிரவுப் பிரச்சினை நமக்கும் உண்டு விண்ணோடி. பாரதியார் மறைவு செப்டம்பர் 11 என்று படித்தோம். உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில், ஆகவே 12தான் சரி என்பது இன்னொரு கட்சி. சூரிய உதயத்தில் நாள் தொடங்கும் என்று எண்ணுகிறவருக்கு அது இன்னும் 11. வானியலாளர்களோ 1925 வரை நாளை நண்பகலில் தொடங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாள்காட்டிக்காரன்

நாள்காட்டிகளைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதே, என் பெயருக்காவது ஏதாவது எழுத வேண்டும்.

1616 ஏப்ரல் 23 ஷேக்ஸ்பியரும் செர்வாண்டஸும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று பல இடங்களில் வரும். யுனெஸ்கோ உலகப் புத்தக நாளுக்கு அந்தத் தேதியை எடுத்ததிலும் இதற்குப் பங்கு உண்டு. ஸ்பெயின் 1582இலேயே இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியிலேயே இருந்தது. இடைவெளி அப்போது 10 நாள். ஷேக்ஸ்பியர் இறந்த அன்று ஸ்பெயினில் மே 3. செர்வாண்டஸும் ஏப்ரல் 22 இறந்து 23 அடக்கமானார் என்பதே இன்று பெரும்பாலோர் சொல்வது. ஆக, ஒரே நாளில் இறந்தவர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்பதும் இப்படித்தான். கலிலியோ: கிரிகோரியன்படி 1642 ஜனவரி 8. நியூட்டன்: ஜூலியன்படி 1642 டிசம்பர் 25. இருவரையும் கிரிகோரியனுக்குக் கொண்டுவாருங்கள், நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. ஜூலியனுக்குக் கொண்டுபோங்கள், கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எந்தப் பக்கம் போனாலும் ஆண்டு ஒத்துவராது. ஆளுக்கொரு நாள்காட்டி கொடுத்தால்தான் கதை நிற்கும்.

அவிலாவின் புனித தெரேசா இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு. மறுநாள் அக்டோபர் 15. நடுவில் பத்து நாள் ஸ்பெயினில் கிடையாது. அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15.

பாலைவன ஒட்டகம்

அப்போ 1582 அக்டோபர் 10இல் உலகத்தில் ஒரு சம்பவமும் நடக்கவில்லையா? பட்டியல்காரர்களுக்கு விடுமுறை!

நாள்காட்டிக்காரன்

ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலியின் பெரும்பகுதி, போலந்து, இங்கெல்லாம் இல்லை. பிரான்ஸில் உண்டு, அவர்கள் டிசம்பரில்தான் மாறினார்கள், டிசம்பர் 9க்கு அடுத்த நாள் 20 ஆனது. இங்கிலாந்திலும் ரஷ்யாவிலும் உண்டு.

வரலாற்றுப்பித்தன் கொடுத்த குரோம்வெல் தேதிகளும் ஜூலியன்தான். 1658 செப்டம்பர் 3 என்பது ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம், பிரான்ஸில், 13. ஆகவே 1939ஐ அதோடு முடிச்சுப் போட முடியாது.

வரலாற்றுப்பித்தன்

1939ஐ ஒட்டகத்துக்குத் தானம் கொடுத்ததுதானே, கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் மாற்றிக் கணக்கிடுவதே எல்லாவற்றுக்கும் மருந்து என்று போகாதீர்கள். ஜூன் 28ஐப் பாருங்கள்.

கொசோவோ போர் 1389 ஜூன் 15, ஜூலியன், புனித விட்டுஸ் நாள். செர்பியர்களின் நினைவில் அது பெரும் காயம். 20ஆம் நூற்றாண்டில் இரண்டு நாள்காட்டிக்கும் இடைவெளி 13 நாள். ஆகவே ஜூலியன் ஜூன் 15 என்பது நமக்கு ஜூன் 28. 1914 ஜூன் 28 ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பெர்டினாண்ட் சரயேவோவுக்கு வந்து சுட்டுக் கொல்லப்பட்டது அந்த நாளில். 1919 ஜூன் 28 வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது, கொலையின் ஐந்தாம் ஆண்டு நிறைவில். 1921 ஜூன் 28 புதிய யூகோஸ்லாவிய அரசமைப்பு, அந்தத் திருநாளின் பெயராலேயே அறியப்படுகிறது. 1989 ஜூன் 28 போரின் 600ஆம் ஆண்டு. செர்பியத் தலைவர் மிலோசெவிச் அந்தக் களத்தில் பெருங்கூட்டத்தின் முன் பேசினார். 2001 ஜூன் 28 அதே மிலோசெவிச்சை ஹேக் நகரத் தீர்ப்பாயத்திடம் ஒப்படைத்தார்கள்.

கறாராகக் கணக்குப் போட்டால் 1389இல் இடைவெளி 8 நாள்தான், போர் நடந்தது ஜூன் 23 ஆகிவிடும். அப்படிப் பார்த்தால் இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியே பொருந்தாது. ஆனால் ஆறு நூற்றாண்டாக அந்த மக்கள் திருநாளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். சூரியனின் நிலை யாருக்கு வேண்டும்?

நாள்காட்டிக்காரன்

இது என் வாதத்துக்கே வலு. சம்பந்தப்பட்டவர்கள் எந்த நாள்காட்டியில் வாழ்ந்தார்களோ அதில் பார்க்க வேண்டும்.

பழுப்பேடு

நினைவு தேதியைப் பிடித்துக்கொள்ளும் என்பதோடு விடவில்லை, இழுத்தும் வைக்கும். யூதர்களின் ஆவ் மாதம் 9ஆம் நாள் நோன்பு. ஜெருசலேமின் முதல் ஆலயம் பாபிலோனியரால் அழிந்தது, இரண்டாம் ஆலயம் கி.பி. 70இல் ரோமானியரால் அழிந்தது, இரண்டும் அன்றே என்பது மரபு. பைபிளில் முதல் ஆலயத்துக்கு அரசர்கள் நூல் 7ஆம் நாள் என்கிறது, எரேமியா 10ஆம் நாள் என்கிறது. இரண்டாவதுக்கு அக்கால யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் 10 என்கிறார். மரபு எல்லாவற்றையும் 9இல் கொண்டுவந்து கட்டியது. துக்கத்துக்கு ஒரே நாள் போதும் என்ற நடைமுறைதான், ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

கிரேக்கர்களிடமும் இது உண்டு. கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரும் சிசிலியில் ஹிமேரா போரும் ஒரே நாளில் நடந்தன என்று ஹெரோடோடஸ் கேட்டதை எழுதினார். பின்னால் வந்த வரலாற்றாசிரியர் டியோடோரஸோ ஹிமேராவை அதே ஆண்டின் தெர்மோபிலே போரோடு ஒரே நாளில் வைத்தார். எதனோடு சேர்த்தால் பெருமையோ அதனோடு. அரிஸ்டாட்டில் மட்டும் மசியவில்லை. கவிதையியலில் இதே சலாமிஸையும் சிசிலிப் போரையும் எடுத்துக்காட்டி, ஒரே காலத்தில் நடந்தாலும் இரண்டும் ஒரே முடிவை நோக்கிப் போகவில்லை என்கிறார். நம் இழையை 2,300 ஆண்டுக்கு முன்பே முடித்துவிட்டார்.

பாலைவன ஒட்டகம்

முடிக்க விட மாட்டேன். ஜூலை 4! ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன் இருவரும் 1826 ஜூலை 4 இறந்தார்கள், சுதந்திரப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நிறைவன்று. ஐந்து வருடம் கழித்து 1831 ஜூலை 4 ஜேம்ஸ் மன்றோ. முதல் ஐந்து குடியரசுத் தலைவர்களில் மூவர். இதற்குக் கணக்கு எங்கே?

நிகழ்தகவு

ஐந்தில் எந்த மூவரும் குறிப்பிட்ட ஒரு நாளில் இறக்கும் வாய்ப்பு சுமார் 48 லட்சத்து 60 ஆயிரத்தில் ஒன்று. இது உண்மையிலேயே சிறிய எண். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த எண் மூவரும் அந்தத் தேதியைப் பற்றி எதுவும் அறியாதவர்கள் என்று வைத்துக்கொள்கிறது.

வரலாற்றுப்பித்தன்

அங்கேதான் விஷயம். ஜெபர்சன் 3ஆம் தேதி இரவு படுக்கையில் "நான்காம் தேதி ஆகிவிட்டதா" என்று கேட்டதாக அருகிலிருந்த மருத்துவர் எழுதியிருக்கிறார். ஜெபர்சனுக்கு 83, ஆடம்ஸுக்கு 90. நாடே பொன்விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. இருவருக்கும் அந்த நாள் தெரியும், விரும்பினார்கள். விரும்பினால் உயிர் சில மணி நேரம் நிற்குமா என்பதை நான் தீர்க்கப்போவதில்லை. நான்காவது குடியரசுத் தலைவர் மேடிசன் கதை இதற்கு நேர்மாறு: 1836இல் ஜூலை 4 வரை உயிரைப் பிடித்துவைக்க மருந்து தருகிறோம் என்றார்களாம், வேண்டாம் என்றுவிட்டாராம், ஜூன் 28 இறந்தார்.

வேடிக்கை என்னவென்றால், சுதந்திரத்துக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2. அந்த நாளைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுவார்கள் என்று ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதம் எழுதினார். 4ஆம் தேதி ஆவணத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்ட நாள். பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2.

மட்டுறுத்துநர்

நடுவில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பேரிடர்களை ராசி, எண் கணிதத்தோடு இணைக்கும் பதிவுகள் இந்தப் பகுதியில் வேண்டாம். தொடருங்கள்.

புதுவரவு

நீக்கப்பட்டதில் ஒன்றுக்குப் பதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எண் கணிதம் இல்லாமலே கேட்கிறேன். 2003 டிசம்பர் 26 ஈரானின் பாம் நகர நிலநடுக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமி. மெக்சிகோவில் 1985, 2017, 2022 மூன்று முறையும் செப்டம்பர் 19. இவற்றைச் சாதாரணத் தற்செயல் என்று கடந்துபோக மனம் வரவில்லை. தவறாகக் கேட்கிறேனா?

நிகழ்தகவு

கேள்வியில் தவறில்லை. பாம், சுமத்ரா இரண்டும் பொது நேரப்படி ஒரு மணி நேரம் முன்பின்னாக வந்தவை. இருந்தும் இரண்டு வெவ்வேறு தட்டு எல்லைகள், இடையே எந்த இயக்கத் தொடர்பும் இல்லை. பாறைக்கு நம் 365 தெரியாது.

மெக்சிகோவுக்கு வருவோம். குறிப்பிட்ட மூன்று நடுக்கங்கள் ஒரே தேதியில் விழ வாய்ப்பு 1,33,225இல் ஒன்று. செய்தித்தாள்கள் இங்கே நின்றுவிடும். ஆனால் அந்த நாட்டில் 1900க்குப் பிறகு 7 ரிக்டருக்கு மேல் வந்தவை பல டஜன். உதாரணத்துக்கு 60 என்று வையுங்கள். 60இலிருந்து மூன்று மூன்றாக எடுக்க 34,220 வழி. அவற்றில் ஏதாவது ஒரு மூன்று ஏதாவது ஒரு தேதியில் சேர்ந்து விழும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. மழை வரலாம், வராமலும் போகலாம் என்கிற அளவு.

விண்ணோடி

அந்த மூன்று எதுவென்பதையும் பார்க்க வேண்டாமா? 1985 அந்த நாட்டின் மறக்க முடியாத பேரழிவு. தேதியைத் தேர்ந்தெடுத்தது அந்தச் சம்பவம். மற்ற இரண்டும் அதன் மேல் வந்து விழுந்தன. உங்கள் 34,220 வழியில் பெரும்பாலானவற்றை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நிகழ்தகவு

ஒப்புக்கொள்ள வேண்டிய ஆட்சேபம். 1985ஐ நிலைநிறுத்திவிட்டு மற்ற 59இல் இரண்டு அதன் மேல் விழுவதைக் கேட்டால் எண் வெகுவாகச் சுருங்கும்: நூற்றில் ஒன்றரைக்கும் கீழே. அரிது, ஆனால் நூற்றில் ஒன்று நடக்கும்.

புதுவரவு

என் கேள்வி வாய்ப்பைப் பற்றியது மட்டும் இல்லை. 1985க்குப் பிறகு செப்டம்பர் 19 அங்கே நிலநடுக்க ஒத்திகை நாள். 2017இல் காலை 11 மணிக்கு ஒத்திகை முடித்தார்கள், 1.14க்கு உண்மையான 7.1 வந்தது. மையம் நகருக்குப் பக்கம் என்பதால் எச்சரிக்கை ஒலியும் அதிர்வும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. இருந்தும் இரண்டு மணி நேரத்துக்கு முன் எந்தப் படிக்கட்டு, எந்தத் திறந்தவெளி என்று ஊரே நடந்து பார்த்திருந்தது. சுமார் 370 பேர் இறந்தார்கள் என்பதையும் மறக்கவில்லை. 2022இல் 12.19க்கு ஒத்திகை, 1.05க்கு 7.7.

நாள்காட்டிக்காரன் அண்ணா விதிப்படி பாறை நாள்காட்டி பார்க்கவில்லை, ஆகவே இது பட்டியல்காரரின் வசதி. ஆனால் தேதி மனிதர்களை அன்று எங்கே நிறுத்தியது என்பது நிஜம்தானே?

நாள்காட்டிக்காரன்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பழுப்பேடு சொன்ன 1938ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அதிகாரி எந்த நாளில் இறப்பார் என்பது யார் கையிலும் இல்லை. தேதி முன்கூட்டியே ஆட்களைக் கூட்டி வைத்திருந்தது, சம்பவம் வந்து விழுந்தது. மியூனிக்கில் கொலைகாரர்களை, மெக்சிகோவில் தப்ப வேண்டியவர்களை. "தெரிந்தே எடுத்த தேதி" என்ற என் வரம்புக்குள் இரண்டும் அடங்கவில்லை, ஆனால் பேசத் தகுந்தவை. இவற்றுக்குத் தனியாக ஓர் இழை திறக்கலாம் என்றிருக்கிறேன்.

பழுப்பேடு

திறக்கும்போது இன்னொன்றையும் சேருங்கள்: தவிர்த்த தேதிகள். பட்டியலில் அவை வரவே வராது, அன்று எதுவும் நடக்காததால். ரோமானியர்கள் ஜூலை 18இல் அல்லியா ஆற்றங்கரையில் கோல் இனத்தவரிடம் தோற்றார்கள். அதன் பிறகு பல நூற்றாண்டு அந்த நாளில் அரசு வேலை எதையும் தொடங்குவதில்லை. (கி.பி. 64இல் ரோம் பற்றி எரியத் தொடங்கியது ஜூலை 18 இரவு. நெருப்புத் தொடங்கிய ஜூலை 19, கோல்கள் அன்று ரோமைக் கொளுத்திய அதே தேதி என்று சிலர் கவனித்ததாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்து வைத்திருக்கிறார். ஒட்டகத்துக்கு!)

வரலாற்றுப்பித்தன்

பிலிப்பைன்ஸும் அதில் வரும். 1946இல் அமெரிக்கா சுதந்திரம் கொடுத்தது ஜூலை 4 அன்று, தன் பிறந்தநாளையே பரிசாக. 1962இல் அதிபர் மகபகால் சுதந்திர நாளை ஜூன் 12க்கு மாற்றினார், 1898இல் ஸ்பெயினிடமிருந்து அவர்களே விடுதலை அறிவித்துக்கொண்ட நாளுக்கு.

பழுப்பேடு

ஜெர்மனியும்தான். சுவர் திறந்த நவம்பர் 9ஐயே தேசிய நாளாக வைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. 1923உம் 1938உம் அதே கட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது யார் கொடி ஏற்றுவார்? அக்டோபர் 3ஐ எடுத்தார்கள், 1990இல் இரண்டு நாடும் சட்டப்படி ஒன்றான நாள். கிழக்கு ஜெர்மனி தன் 41ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாட வேண்டியது அக்டோபர் 7. நான்கு நாள் முன்பே அந்த நாடு இல்லை. அது தற்செயலா என்று நிகழ்தகவு கணக்குப் போட வேண்டாம். 7ஆம் தேதிக்குள் முடித்துவிட வேண்டும் என்று அப்போதே வெளிப்படையாகப் பேசினார்கள்.